இரண்டு அவுன்ஸ் இறைச்சியில் எவ்வளவு உப்பு?

அமெரிக்காவில் மதிய உணவு என்றால் பெரும்பாலும் சாண்ட்விச்தான். பள்ளிப் பிள்ளையின் டப்பாவிலும் கட்டடத் தொழிலாளியின் பையிலும் அதுவே இருக்கும். இரண்டு ரொட்டித் துண்டு, நடுவே மெல்லிசாகச் சீவிய வான்கோழி அல்லது ஹாம், ஒரு சீஸ் வில்லை, தொட்டுக்கொள்ள ஊறவைத்த வெள்ளரி. பார்வைக்கு எளிய சாப்பாடு. ஆனால் சோடியத்தைக் கூட்டிப் பாருங்கள். ரொட்டி இரண்டும் சேர்ந்து சுமார் 300 மில்லிகிராம். பதப்படுத்திய சீஸ் வில்லை ஒன்றில் சுமார் 250. வெள்ளரிக் கீற்று ஒன்றில் இன்னொரு 300. கடைகளில் தாராளமாக அடுக்கும் இறைச்சி மட்டுமே 1,000ஐத் தொடும். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு. ஒரே வேளையில் அது ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது.

ரத்த அழுத்தம் ஏறியவரிடமும் இதயம் பலவீனமானவரிடமும் மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதும், வீட்டில் முதலில் உப்பு ஜாடிதான் மேசையை விட்டுப் போகிறது. ஆனால் அமெரிக்காவில் மூன்று பகுதிகளைச் சேர்ந்த 450 பேரின் உணவை ஆராய்ந்து 2017இல் 'சர்குலேஷன்' இதழில் வெளியான ஆய்வின்படி, அவர்கள் உடம்பில் சேர்ந்த சோடியத்தில் சுமார் 70 சதவீதம் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் ஏற்கெனவே சேர்க்கப்பட்டது. சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் தாங்களாகப் போட்டது பத்தில் ஒரு பங்குதான். நாக்கைக் கட்டிக்கொண்டு வீட்டில் சப்பென்று சாப்பிடும் நோயாளி, மதியம் அந்த வான்கோழித் துண்டுகளில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார். இதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

சாண்ட்விச்சுக்கென்று சீவி விற்கும் இந்த டெலி இறைச்சியில் இத்தனை உப்பு ஏன்? ருசி ஒரு காரணம்தான். உப்புநீர் ஏற்றிப் புரட்டும்போது தசையிலுள்ள புரதம் கரைந்து பசைபோல வெளிவரும். தனித்தனித் துண்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாவதும், சீவினால் உதிராமல் வருவதும் அந்தப் பசையால்தான். நீரைப் பிடித்து வைத்து எடையைக் காப்பதும் உப்பே. இதற்கு மேல் நிறத்துக்கும் நச்சுக் கிருமித் தடுப்புக்கும் சோடியம் நைட்ரைட், ஈரத்துக்குச் சோடியம் பாஸ்பேட், குளிரிலும் வளரும் லிஸ்டீரியாவை அடக்கச் சோடியம் லாக்டேட் என்று வரிசையாகச் சேர்கின்றன. உப்புக் கரிக்காத துண்டிலும் சோடியம் கூடுதலாக இருக்க இவையும் காரணம். நாக்கை நம்பிப் பயனில்லை. லேபிளைத்தான் நம்ப வேண்டும்.

அந்த லேபிளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். 'ரெட்யூஸ்டு சோடியம்' என்றால் அதே வகையின் வழக்கமான சரக்கைவிட 25 சதவீதமாவது குறைவு, அவ்வளவுதான். 640 மில்லிகிராம் உள்ள ஹாம் 480க்கு இறங்கினாலே அந்தப் பட்டத்தைச் சூடிக்கொள்ளலாம். 480 குறைவா? 'லோ சோடியம்' என்றால்தான் ஒரு பரிமாறலுக்கு 140 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 'நோ சால்ட் ஆடட்' என்பது உப்பே சேர்க்காதது. ஆனாலும் இறைச்சியின் இயற்கைச் சோடியம் இருக்கும். உப்பு சேர்க்காத வான்கோழி நெஞ்சுக்கறியும் மாட்டிறைச்சியும் பெரிய டெலி கவுன்டர்களில் கிடைக்கின்றன. வெளியே தெரியாவிட்டால் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சீவும் முன் பாளத்தின் உறையைக் காட்டச் சொல்லிப் படிப்பதில் கூச்சம் வேண்டாம்.

பரிமாறல் என்று லேபிள் சொல்வது 2 அவுன்ஸ், சுமார் 56 கிராம். வழக்கமான டெலி வான்கோழியில் அந்த அளவுக்குள் 400 முதல் 600 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கும். வயிறு நிறையச் செய்யும் சாண்ட்விச்சில் அதுபோல் இரண்டு பங்கு போய்விடும். சலாமி, பாஸ்ட்ராமி வகைகளை உப்புக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மறந்துவிடுவதே நல்லது. 'அன்க்யூர்டு' (பதப்படுத்தாதது) என்ற சொல்லிலும் மயங்க வேண்டாம். பெரும்பாலும் அதில் செலரிப் பொடி வழியாக நைட்ரைட் வந்து சேர்ந்திருக்கும், உப்பும் குறைந்திருக்காது.

என்னைக் கேட்டால், கவுன்டரில் தேடுவதைவிடப் பச்சை இறைச்சிப் பக்கம் போவது மேல். எதுவும் ஏற்றாத கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 45 முதல் 75 மில்லிகிராம் சோடியமே உண்டு. மாடும் பன்றியும் அதை ஒட்டியே இருக்கும். ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. கோழி காயாமல் இருக்கவென்று உப்புக்கரைசலை ஊசியால் ஏற்றி விற்கிறார்கள். உறையில் 15 சதவீதம் வரை கரைசல் கலந்தது என்று பொடி எழுத்தில் இருந்தால், அந்தக் கோழியின் சோடியம் பல மடங்கு ஏறியிருக்கும். சூடாகச் சுழற்றிச் சுட்டு விற்கும் முழுக்கோழியும் பெரும்பாலும் இந்த வகைதான். நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் பிள்ளைகளோடு சில மாதம் தங்கப் போகும் நம் பெற்றோர், மாத்திரைப் பெட்டியோடு போகிறவர்கள், இந்தக் கோழியைச் சாதாரணக் கோழி என்றே எண்ணிச் சாப்பிடுகிறார்கள்.

கரைசல் ஏற்றாத நெஞ்சுக்கறியையோ, கொழுப்பு குறைந்த மாட்டிறைச்சிப் பாளத்தையோ வாங்கி வீட்டு அவனில் சுடலாம். நியூயார்க் டெலிகள் பாஸ்ட்ராமிக்கு மேல்பூச்சாக அப்புவது கொரகொரப்பாகப் பொடித்த மல்லியும் மிளகும்தான். அது நம் அடுப்படியிலேயே இருக்கிறது. உப்பை விட்டுவிட்டு, பூண்டும் கொஞ்சம் வினிகரும் சேர்த்துத் தடவி ஓர் இரவு ஊறவிட்டால் ருசிக்குக் குறையிருக்காது. கோழியும் வான்கோழியும் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். சூடாக வெட்டினால் பிய்ந்து போகும். ஆறவிட்டு, குளிர்பெட்டியில் நன்றாக இறுகியபின், கூரான கத்தியால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே சீவினால் கடைத் துண்டுபோல மெல்லிசாக வரும்.

பக்கத்தில் வைப்பவற்றையும் மாற்றினால்தான் இந்த உழைப்பு வீண்போகாது. பதப்படுத்திய சீஸுக்குப் பதில் ஸ்விஸ் சீஸ்; அவுன்ஸுக்குச் சுமார் 55 மில்லிகிராம்தான். ஊறுகாய்க்குப் பதில் பச்சை வெள்ளரி, தக்காளி, வெங்காயம். சில தயாரிப்புகளில் உப்பின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து. பொருள் பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வீட்டில் சுட்ட இறைச்சியைக் காக்க உப்பும் இல்லை, லாக்டேட்டும் இல்லை. குளிர்பெட்டியில் மூன்று, நான்கு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. மிச்சத்தை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்து, வேண்டியதை முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் மறுநாள் மதியத்துக்குள் பதமாகிவிடும்.