திண்ணைத் தொழிலும் ஒரு வாடகைச் சீட்டும்

எங்கள் காஞ்சிரங்குளத்தில் பெயர்ப்பலகை இல்லாத கம்பெனிகள் நிறைய உண்டு. நெய்யாற்றின்கரையிலிருந்து கடற்கரைப் பக்கமாக வரும் வழியில் வீடுகளின் பின்கட்டை எட்டிப் பார்த்தால் ஒரு வீட்டில் முறுக்கு பிழிவார்கள், அடுத்த வீட்டில் பப்படம் காயும், இன்னொரு வீட்டில் தையல் மெஷின் ஓடும். முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே, பெரும்பாலும் பெண். கம்பெனி என்று நான் சொல்வது கேலிக்கு அல்ல. கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கடன் வசூல் எல்லாம் அங்கே நடக்கிறது. கணக்குப் புத்தகமும் லைசென்ஸும்தான் இல்லை.

2020-ஆம் வருஷத்துக் கொரோனாவில் இந்தப் பின்கட்டுக் கம்பெனிகளுக்கு யார் கை கொடுத்தார்கள், கை எதுவரை எட்டியது என்பதை எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்திருந்தேன். எழுதாமல் தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு. இதில் என் தவறும் ஒன்று கலந்திருக்கிறது.

என் வீட்டுக் கிணற்றுக்குக் கிழக்கே முறுக்குக்காரம்மா வீடு. எங்கள் ஊர்க்காரர், கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். மேற்கே, என் வீட்டின் பின்பகுதியிலேயே, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 2012-இல் வந்த ஒரு தையற்காரர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தார். நமது சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றைப் போலப் பிழைப்புக்காக வந்தவர். ரேஷன் கார்டு ஊரில், பிழைப்பு இங்கே.

இருவருக்குமே சரக்கு வந்தது எல்லைக்கு அப்பாலிருந்துதான். முறுக்குக்காரம்மாவுக்கு எண்ணெயும் மாவும் மார்த்தாண்டத்திலிருந்து. தையற்காரருக்கு நூலும் லைனிங் துணியும் நாகர்கோவிலிலிருந்து. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. 60 வருஷத்துக்கு மேல் அந்தக் கோட்டை நாங்கள் பஸ்ஸில் கண்டக்டர் மாறுவதை வைத்துத்தான் அறிந்திருந்தோம். 2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது களியக்காவிளையில் கோடு வேலியாகவே நின்றுவிட்டது. மே மாதம் பாறசாலைக்கு அப்பால் இஞ்சிவிளைச் சாவடியில் பாஸ் வைத்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றதை மறக்க முடியாது.

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊரடங்குக்கு முன்பே, மார்ச் 19-ஆம் தேதி, கேரள அரசு 20,000 கோடி ரூபாய்க்கு உதவித் திட்டம் அறிவித்தது. மார்ச் 27-இல் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்கலாம் என்றது. பிறகு அதை ஆகஸ்டு 31 வரை நீட்டியது. மே 13-இல் மத்திய அரசு சிறு தொழில்களுக்கு ஈடு கேட்காமல் 3 லட்சம் கோடி ரூபாய் வரை கடன் கிடைக்க வழி செய்வதாக அறிவித்தது. டெலிவிஷன் பெட்டியில் கோடிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

அந்தக் கோடிகள் எங்கள் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆயின என்று கணக்குப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பது என் தொழிற்பழக்கம், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தவணை ஒத்திவைப்பு என்றதும் வட்டியும் கிடையாது என்றே பலர் நினைத்தார்கள். ஒரு லட்சம் ரூபாய் கடன் நிலுவை, வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் வட்டி 6,000 ரூபாய். அந்த வட்டிக்கு மாதாமாதம் வட்டி போட்டால் 6,152. இந்த வட்டிக்கு வட்டி நியாயமா என்றுதான் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு அந்த வித்தியாசத்தைத் தானே தருவதாக 2020 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புக்கொண்டது. நம் உதாரணத்தில் திரும்பி வந்தது 152 ரூபாய். 6,000 ரூபாய் கடன்காரர் தலையில் அப்படியே இருந்தது.

3 லட்சம் கோடித் திட்டத்தின் சூத்திரம் இன்னும் எளிது. 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு வங்கியில் எவ்வளவு தொழில் கடன் நிலுவையோ, அதில் 20 சதவீதம் புதிதாகக் கிடைக்கும். நான்கு வருஷத்தில் அடைத்தால் போதும், முதல் வருஷம் அசல் கட்ட வேண்டாம், வங்கிக்கு அரசே உத்தரவாதம். நல்ல திட்டம்தான். கடன் வாங்கியிருந்த எத்தனையோ பட்டறைகளை அது மூடாமல் காப்பாற்றியிருக்கும். ஆனால் முறுக்குக்காரம்மாவுக்கு வங்கியில் கடனே இல்லை. பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம். யாரிடமும் கடன் படாமல் தொழில் நடத்தியதுதான் அவர் செய்த குற்றம். ஜூன் 1-இல் வந்த ஸ்வநிதித் திட்டம் 10,000 ரூபாய் கொடுத்தது, ஆனால் அது நகரத்துத் தெரு வியாபாரிகளுக்கு. இவரோ கிராமத்தில் வீட்டுக்குள் இருந்து தொழில் செய்கிறவர். ஜன்தன் கணக்கில் மூன்று மாதம் 500, 500 ரூபாயாக வந்தது. அது அடுப்புக்கு ஆனது, தொழிலுக்கு ஆகவில்லை.

அவருக்கு உண்மையில் கை கொடுத்தது அயல்கூட்டம். 1998 முதல் கேரளத்தில் நடக்கும் குடும்பஸ்ரீயின் அடிக்கல் அது. ஒரு வீட்டுக்கு ஒரு பெண் என்று 10 முதல் 20 பேர் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். சிறு தொகை சேமிப்பார்கள், தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வார்கள். நான் அதை வெகுநாள் வரை பெண்களின் அரட்டை மடம் என்றுதான் நினைத்திருந்தேன். கேரள அரசின் 20,000 கோடியில் 2,000 கோடி இந்தக் கூட்டங்கள் வழியாகவே கடனாகக் கொடுக்க ஒதுக்கப்பட்டது. முதலமைச்சரின் சகாயஹஸ்தம், அதாவது உதவிக்கரம், என்று பெயர். ஒரு உறுப்பினருக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை. 36 மாதத்தில் அடைக்க வேண்டும், முதல் ஆறு மாதம் தவணை இல்லை. வட்டியை நாம் கட்டிவிட்டால் அரசு பிறகு மானியமாகத் திருப்பித் தரும்.

முறுக்குக்காரம்மாவுக்கு 10,000 கிடைத்தது. "பேங்குக்குப் போனா பேப்பரு கேப்பாவ மாமா. எங்க கூட்டத்துல கேட்டது ஒண்ணுதான், வாராவாரம் வந்தியான்னு" என்றார். அதைக் கேட்டு எனக்கு வியப்பாக இருந்தது. வங்கி பார்க்கும் இருப்பு நிலைக் குறிப்பு வேறு, இந்தத் திண்ணை வைத்திருக்கும் குறிப்பு வேறு. யார் ஒழுங்காகச் சேமிக்கிறார், யார் வீட்டில் குடிகாரன் பணத்தைப் பறிக்கிறான், யார் கைப்பக்குவத்துக்கு மார்க்கெட் உண்டு என்று எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

குறையும் சொல்ல வேண்டும். அது உதவித்தொகை அல்ல, கடன். அந்தப் பணத்தில் பாதி எண்ணெய்க்கும் மாவுக்கும் போனது. மீதி, ஜூன் 1 முதல் விக்டர்ஸ் சானலிலும் போனிலும் பள்ளிக்கூடம் நடந்ததால், மகனுக்குப் பழைய போன் ஒன்று வாங்கப் போனது. முறுக்கு பிழிந்து அடுக்கி வைத்த வேளையில், ஜூலை 17-ஆம் தேதி பூந்துறையிலும் எங்கள் அடுத்த ஊரான புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். மறுநாள் முதல் இடவா தொடங்கிப் பொழியூர் வரை கடற்கரை முழுவதும் பூட்டு. டீக்கடை இல்லாத ஊரில் முறுக்கை யார் வாங்குவார்கள்? டின் டின்னாகக் காறிப்போனது. ஆகஸ்டு 31-இல் வந்த திருவோணமும் அந்த வருஷம் பெயருக்குத்தான். ஜெர்மனியில் ஒற்றை ஆள் தொழில் செய்தவர்களுக்கும் மூன்று மாதச் செலவுக்கு 9,000 யூரோ வரை திருப்பித் தர வேண்டாத பணமாகக் கொடுத்தார்கள். அங்கும் பிற்பாடு கணக்குக் கேட்டுப் பலரிடம் திரும்ப வாங்கினார்கள் என்பது வேறு கதை.

ஆனாலும் முறுக்குக்காரம்மா மூழ்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் தவணையை முன்பின்னாகச் சரிக்கட்டிக் கொடுத்தார்கள்.

இனித் தையற்காரர் கதை.

ஊரடங்கு தொடங்கியதும் நான் அவரிடம், "தம்பி, நாலு மாசம் வாடகை வேண்டாம்" என்று சொன்னேன். அதைப் பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டு இரவில் நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கென்ன, ரயில்வே பென்ஷன் மாதம் தவறாமல் வந்தது. அகவிலைப்படி உயர்வை 2021 ஜூன் வரை நிறுத்தி வைத்ததற்கே நாங்கள் ஓய்வூதியக்காரர்கள் போனில் புலம்பிக்கொண்டிருந்தோம்.

செப்டம்பரில் ஒரு நாள் என் போனுக்கு முன்பின் தெரியாத ஒருவன் கூப்பிட்டான். தையற்காரர் பெயரைச் சொல்லி, "உங்களைத்தான் ஜாமீன் போட்டிருக்கிறான், பணத்தை நீங்கள் கட்டுங்கள்" என்று வாய்க்கு வந்தபடி பேசினான். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. போனில் வரும் ஏதோ ஒரு கடன் செயலியில் 5,000 கேட்டு, பிடித்தம் போகக் குறைவாகக் கையில் வாங்கி, அதை அடைக்க இன்னொன்று, பிறகு இன்னொன்று. செயலி அவர் போனில் இருந்த எண்கள் அனைத்தையும் உறிஞ்சி வைத்திருந்தது. அவர் பிள்ளையின் பள்ளி ஆசிரியைக்கும் போன் போயிருக்கிறது. இப்படித் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி செய்தது 2022 செப்டம்பரில்தான்.

"ஏன் தம்பி, குடும்பஸ்ரீயில் உன் வீட்டுக்காரி இல்லையா?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்து நின்றார். அவர் மனைவிதான் உள்ளே இருந்து பதில் சொன்னார்: "கேட்டோம் சார். இந்த ஊர்லதான் இருக்கோம்னு காட்ட ஒரு பேப்பர் வேணும்னாங்க. உங்ககிட்ட வாடகைச் சீட்டு கேட்டோமே, நீங்க வேண்டாம்னுட்டீங்க."

நினைவு வந்தது. 2016-இலோ 2017-இலோ கேட்டார்கள். எழுதிக் கொடுத்தால் பின்னால் காலி செய்ய மாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "உங்களுக்கு எதற்கு அதெல்லாம், நான் இருக்கிறேன் அல்லவா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு தாள் இல்லாததால் பஞ்சாயத்து லைசென்ஸ் இல்லை, அயல்கூட்டம் இல்லை, வங்கியில் முத்ராக் கடன் கேட்க விலாசம் இல்லை. நான் விட்டுக்கொடுத்த நாலு மாத வாடகையைவிட அந்தத் தாள் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும். நமது சங்கத்தில் வீட்டுக்காரர்களும் உண்டு, குடியிருப்பவர்களும் உண்டு. அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

அந்த வாரமே முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதினோம். முறுக்குக்காரம்மா அதற்கும் முன்பாகவே ஒரு காரியம் செய்திருந்தார். தையல் குழுவுக்கு வந்த முகக்கவச ஆர்டரில் ஒரு பங்கைத் துணியாகவே கொண்டுவந்து இவரிடம் கொடுத்து, பீஸ் கணக்கில் கூலி வாங்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது. கிணற்றுக்கு இரண்டு பக்கமும் நடந்த வியாபாரம் நடுவில் குடியிருந்த எனக்குத் தெரியவில்லை.

2020 ஜூலை 1-இல் தொடங்கியிருந்த உத்யம் பதிவை ஆதார் எண் வைத்து என் பேரன் ஒரு சாயங்காலத்தில் போட்டுக் கொடுத்தான். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் யாரும் போக வேண்டாம். அந்தத் தாளும் வாடகை ஒப்பந்தமும் பஞ்சாயத்துச் சீட்டும் சேர்ந்த பிறகு 2021-இல் ஒரு வங்கியில் 30,000 ரூபாய் முத்ராக் கடன் கிடைத்தது. செயலிக் கடன்களை அதில் அடைக்கவில்லை. அவற்றை நானும் முறுக்குக்காரம்மாவும் பாதிப் பாதி கைமாற்றாகக் கொடுத்து முடித்தோம். வங்கிப் பணத்தில் பழைய மிதி மெஷினைக் கொடுத்துவிட்டு மோட்டார் மெஷின் வாங்கினார்.

முறுக்குக்காரம்மா தன் கடனை 2023-இல் அடைத்து முடித்தார். வட்டி மானியம் தவணை தவணையாக வந்து சேர்ந்தது. தையற்காரர் மனைவி இப்போது அதே அயல்கூட்டத்தில் உறுப்பினர், கூட்டம் சில வாரம் என் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிறது. 11 மாதம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே தையற்காரர் புது முத்திரைத்தாளோடு வந்து நிற்கிறார். பேனாவும் அவரே கொண்டுவருகிறார்.