டிராக்டர் கொட்டகையில் விறகு பாய்லரா? மூன்று வழிகள் அடைபடக் கூடாது

மஞ்சள் வேகவைக்க, நெல் அவிக்க, காளான் படுக்கைக்கான வைக்கோலை ஆவியில் பதப்படுத்த என்று விறகில் எரியும் சிறு பாய்லர்கள் தோட்டங்களுக்கு வந்துவிட்டன. திறந்த அண்டாவில் வேகவைப்பதைவிட விறகும் தண்ணீரும் மிச்சம். வேலையும் சீக்கிரம் முடிகிறது. வாங்கும்போது பத்துப் பேரிடம் விலை விசாரிக்கிறோம். எங்கே வைப்பது என்பதை மட்டும் வண்டியிலிருந்து இறக்கும் நேரத்தில்தான் யோசிக்கிறோம். மழைக்கும் வெயிலுக்கும் மறைவான இடம் என்று கண்ணில் படுவது டிராக்டர் கொட்டகை அல்லது மோட்டார் ரூமை ஒட்டிய சாய்ப்பு. அங்கேயே ஒரு மூலையில் வைத்துவிடுகிறோம்.

கொட்டகைக்குள் பாய்லர் வைப்பது தவறல்ல. ஆனால், ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எரிகிற பாய்லரிலிருந்து வெப்பம், புகை, ஆவி ஆகிய மூன்றும் வெளியே போயாக வேண்டும். இந்த மூன்றில் எதன் வழி அடைபட்டாலும் விபத்துதான். வெப்பத்தின் வழி அடைபட்டால் கொட்டகை எரியும். புகையின் வழி அடைபட்டால் உள்ளே இருப்பவர் மயங்கி விழுவார். ஆவியின் வழி அடைபட்டால் பாய்லர் வெடிக்கும்.

முதலில் இடம்

கொட்டகையில் டீசல் கேன், ஸ்பிரேயருக்கான பெட்ரோல், பூச்சிமருந்து, உர மூட்டை, சாக்கு, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் எல்லாம் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து அடுப்பு வாய் வரை வந்துவிடும். கேனை நான்கடி தள்ளி வைத்தால் போதும் என்பது சரியல்ல. எரிபொருளும் மருந்தும் வேறு இடத்துக்குப் போக வேண்டும். டிராக்டரும் அதே கொட்டகையில்தான் நிற்க வேண்டும் என்றால், நடுவில் தரையிலிருந்து கூரை வரை சந்தோ ஜன்னலோ இல்லாத செங்கல் சுவர் எழுப்பி, பாய்லர் அறைக்குத் தனி வாசல் வையுங்கள்.

தென்னங்கீற்று, பனையோலை வேய்ந்த கொட்டகைக்குள் பாய்லர் வைக்கவே கூடாது. வைக்கோல் போர், மாட்டுத் தொழுவம் பக்கம் தீப்பொறி பறக்காதபடி இடம் அமைய வேண்டும். தை, மாசியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், ஆடியில் எந்தப் பக்கம் அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தரை கான்கிரீட்டாகவோ செங்கல் பாவியதாகவோ இருக்கட்டும். 300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாய்லர் என்றால், தண்ணீர் எடை மட்டுமே 300 கிலோ. இரும்பின் எடை தனி. மண் தரையில் வைத்தால் ஒரு பக்கம் இறங்கி, குழாய் இணைப்புகள் இழுபட்டு விரிசல் விடும். அடுப்பு வாய்க்கு எதிரே, நீளமான தீக்கோலை முழுதாக வெளியே இழுக்கிற அளவுக்கு, குறைந்தது ஆறடி வெற்றிடம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். முடிந்தால் எதிர்ச்சுவரில் இன்னொரு வாசல் வையுங்கள். ஆவி பீய்ச்சியடிக்கும்போது ஒரே வாசலை நம்பி இருக்க முடியாது.

வெப்பத்துக்கு இடைவெளி

பாய்லருக்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் இடையில், எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்றடி இடைவெளி விடுங்கள். மரத்தூண், பலகைக் கதவு, விறகு அடுக்கு எல்லாம் இதில் அடங்கும். தயாரிப்பாளர் இன்னும் அதிகம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

'போன வருஷம் முழுக்க ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை' என்று சிலர் சொல்வது உண்டு. மரத்தின் குணம் அப்படி. தொடர்ந்து சூடு படும் மரம் மெல்ல மெல்லக் கரியாகிறது. கரியாகக் கரியாக, அது தீப்பற்றத் தேவையான வெப்பம் குறைந்துகொண்டே வருகிறது. முதல் இரண்டு பருவம் தாங்கிய தூண் மூன்றாம் பருவத்தில் அதே சூட்டில் பற்றிக்கொள்ளலாம். கைவைத்துப் பார்த்தால் சுடுகிற மரம் எதுவானாலும், அது பாய்லருக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள்.

கூரைக்கடியில் ஓடும் மின்கம்பிகளையும் பாருங்கள். புகைபோக்கி பக்கம் கம்பி போனால், பிளாஸ்டிக் உறை இளகி உள்கம்பி வெளியே தெரியும். மின்சுவிட்சுகளை வாசல் பக்கம் மாற்றுங்கள். தண்ணீர் ஏற்றும் பம்புக்கும் காற்று ஊதும் புளோயருக்கும் எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம்.

புகைக்கு வழி

ஒரு கிலோ விறகு எரிய 4 முதல் 5 கன மீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் அதைப்போல் இருமடங்கு வரை தேவைப்படும். அடைத்த அறையில் அவ்வளவு காற்று கிடைக்காது. விறகு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்த பிறகுதான் தெரியும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. எனவே, சுவரின் அடிப்பகுதியில் காற்று நுழைய ஒரு திறப்பும், கூரைக்கு அருகில் சூடான காற்று வெளியேற ஒரு திறப்பும் நிரந்தரமாக இருக்கட்டும். குளிர் அடிக்கிறது, எலி வருகிறது என்று சாக்கு வைத்து அடைக்காதீர்கள். எலிக்குக் கம்பிவலை போதும்.

தை மாதக் குளிரில் கதகதப்பாக இருக்கிறதென்று பாய்லர் அறையில் ஆட்களைப் படுக்கவிட வேண்டாம். காளான் வளர்ப்போர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஈரப்பதம் காக்க நெருக்கமாக மூடிய வளர்ப்பு அறைக்குள்ளோ, அதை ஒட்டித் திறப்பு உள்ள இடத்திலோ பாய்லர் இருக்கக் கூடாது. யாராவது மயங்கினால் முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, பிறகு 108-க்குச் சொல்லுங்கள்.

புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி உயர வேண்டும். சுற்றிலும் பத்தடிக்குள் இருக்கும் கூரை முகடு, சுவர் எதையும்விட இரண்டடி கூடுதலாகவும் இருக்க வேண்டும். குறைந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். வளைவுகளைக் குறையுங்கள். சூடான குழாய் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் உரசினால் ஷீட் விரிசல் விடும். எனவே துளையைப் பெரிதாக வெட்டி, தகரக் காலர் போட்டு, மழைநீர் இறங்காதபடி மேலே குடை வையுங்கள். மரச்சட்டம் இருந்தால், ஒற்றைத் தகரக் குழாயிலிருந்து ஒன்றரை அடி தள்ளியே இருக்க வேண்டும். உச்சியில் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை தீப்பொறியைத் தடுக்கும். அதைவிடச் சிறிய கண் என்றால் கரி அடைத்துக்கொள்ளும்.

பச்சை விறகு வேண்டாம். அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அது எரியும்போது எழும் குளிர்ந்த புகை, புகைபோக்கியின் உட்புறம் தார்போல் படியும். ஒரு நாள் அந்தப் படிவே தீப்பிடித்துக் கொள்ளும். சீமைக்கருவேலாக இருந்தாலும் பிளந்து, மழை படாமல் ஆறு மாதம் உலர்த்துங்கள். படிவு மூன்று மில்லிமீட்டர் சேர்ந்தால் புகைபோக்கியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

ஆவிக்கு வழி

ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் சுமார் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். பாய்லரின் பலமும் ஆபத்தும் இதுதான்.

காளான் வைக்கோலைப் பதப்படுத்த 200 லிட்டர் பேரலைப் பயன்படுத்துவோர் கணக்கைப் பாருங்கள். அதன் மூடியின் விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர். உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ ஏறினாலே, மூடியை 2,500 கிலோவுக்கும் மேற்பட்ட விசை தள்ளும். பேரல் அழுத்தம் தாங்கச் செய்த பாத்திரமல்ல. மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்காதீர்கள். ஆவி போகத் திறந்த குழாய் ஒன்று இருக்கட்டும், அதில் வால்வு வேண்டாம். மருந்தோ டீசலோ இருந்த பேரலை நெருப்பில் வைக்கவே வேண்டாம்.

அழுத்தத்தில் இயங்கும் பாய்லரில் சேஃப்டி வால்வு, பிரஷர் கேஜ், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் மூன்றும் வேலை செய்ய வேண்டும். பாய்லருக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் வேறு வால்வு இருக்கக் கூடாது. அது சொட்டுகிறது என்று ஸ்பிரிங்கை முறுக்குவதோ கல் தொங்கவிடுவதோ வெடிகுண்டு செய்வதற்குச் சமம். சொட்டினால் வால்வை மாற்றுங்கள். அதன் வாயில் குழாய் பொருத்தி, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் இறக்கிவிடுங்கள்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் உள்ளே சுண்ணாம்புப் படிவு சேரும். இரும்பு சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே காய்ந்து பலமிழக்கும். கண்ணாடிக் குழாயின் துளைகளையும் அடைக்கும். தண்ணீர் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டும். சேமித்த மழைநீரோ மென்னீராக்கிய தண்ணீரோ நல்லது. தயாரிப்பாளர் சொன்ன முறையில் அடிக்கழிவு வால்வைத் திறந்து சேறு கழியுங்கள்.

தண்ணீர் குறைந்துவிட்டால்

கண்ணாடியில் மட்டம் தெரியவில்லை என்றால் பதறிப்போய்ப் பம்பைப் போடாதீர்கள். காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் நொடியில் ஆவியாகி வெடித்துவிடும். புளோயரை நிறுத்துங்கள், காற்று வழியை மூடுங்கள், நெருப்பின் மேல் சாம்பலையோ ஈர மணலையோ போட்டு அணையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். எந்த வால்வையும் திறக்காமல் எல்லோரும் வெளியேறி, தானாக ஆறும்வரை விடுங்கள். விற்றவர் வந்து பார்க்கும்வரை திரும்பத் தீ மூட்ட வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1923-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொதிகலன்கள் சட்டம் 2025 இப்போது நடைமுறையில் உள்ளது. கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவானவை, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைவானவை, தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழ் மட்டும் சூடாக்குபவை இதன் வரம்பில் வராது. மற்றவற்றுக்குப் பதிவும் ஆய்வும் தேவை. இதைத் தமிழ்நாட்டில் கொதிகலன்கள் இயக்ககம் பார்த்துக்கொள்கிறது. 'அனுமதி தேவையில்லாத மாடல்' என்று விற்பவர் சொன்னால், வடிவமைப்பு அழுத்தத்தையும் கொள்ளளவையும் எழுத்தில் கேளுங்கள். சட்டம் விலக்கு அளிக்கலாம். கொதிக்கிற ஆவி யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

முதல் தீ மூட்டும் முன்

கதவுகளைச் சாத்திவிட்டு, அடுப்பில் காய்ந்த தென்னை ஓலையைக் கொஞ்சம் எரித்துப் பாருங்கள். புகை அறைக்குள் திரும்பினால் புகைபோக்கியையும் காற்றுத் திறப்புகளையும் சரிசெய்த பிறகே வேலை தொடங்க வேண்டும். தீயணைப்பானையும் மணல் வாளிகளையும் வாசல் அருகே வையுங்கள். பாய்லர் பக்கத்தில் வைத்தால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். உள்ளே கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும். நன்றாக ஆறிய பிறகே குப்பைக்குழிக்கோ தென்னை மூட்டுக்கோ போகட்டும்.

ஆவி பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மை, பற்பசை எதுவும் தடவாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தீயணைப்புத் துறைக்கு 101. இந்த எண்களைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

பாய்லரைக் கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக்கி, மேலே சொன்னவற்றை அவருக்கு ஒருமுறை செய்துகாட்டுங்கள். எரியும் நேரத்தில் அவர் களம் பக்கமோ டீக்கடைக்கோ போகக் கூடாது. போகத்தான் வேண்டுமென்றால், தெரிந்த இன்னொருவர் வந்து நின்ற பிறகு போகட்டும்.