மன்னர் படத்தோரம் ஒரு ‘பிஸ்மில்லா’

ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய வெள்ளிக் காசு அது. எடை சுமார் 4 கிராம். தலைப்பக்கத்தில் சிறகு வைத்த மகுடம் சூடிய பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரூ; பூப்பக்கத்தில் நெருப்புப் பீடம், அதன் இருபுறமும் ஆளுக்கொரு பக்கமாக இருவர். பார்த்ததும் பாரசீகத்தை ஆண்ட சசானியப் பேரரசின் காசு என்றே தோன்றும். ஆனால் மன்னர் உருவத்தைச் சூழ்ந்த வட்டத்துக்கு வெளியே, விளிம்போரத்தில், ‘பிஸ்மில்லா’ என்ற அரபு எழுத்து இருக்கிறது. ‘இறைவன் பெயரால்’ என்று பொருள். வெளியிட்டவர்கள் அந்தப் பேரரசை வென்ற அரபியர்!

கடைசி சசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகிர்து 651இல் மெர்வு நகருக்கருகே கொல்லப்பட்டார். ஆட்சி மாறியது, நாணயச்சாலைகள் நிற்கவில்லை. வரி வசூலிக்கவும் படைக்குச் சம்பளம் தரவும் காசு வேண்டும். சந்தையில் மக்கள் நம்பி வாங்கியது பழைய வெள்ளிக் காசைத்தான். அதனால் புதிய ஆட்சியாளர்கள் அதே வடிவத்தைத் தொடர்ந்தார்கள்.

பிறகு மன்னரின் பெயர் இருந்த இடத்தில், ஸியாத் போன்ற அரபு ஆளுநர்களின் பெயர் பாரசீகரின் பஹ்லவி எழுத்திலேயே வந்தது. பூப்பக்கத்தில் வலப்புறம் நாணயச்சாலையின் சுருக்கெழுத்து, இடப்புறம் ஆண்டு. இந்த ஆண்டுதான் ஆய்வாளர்களைத் திணறடிப்பது. ‘30’ என்றிருந்தால் ஹிஜ்ரிக் கணக்கில் 650-51. யஸ்தகிர்து பட்டமேறிய ஆண்டிலிருந்து எண்ணினால் 661-62. அவர் இறந்த ஆண்டிலிருந்து எண்ணினால் 681 வாக்கில் வரும். மூன்று கணக்குகளும் புழக்கத்தில் இருந்தன. ஆளுநரின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பார்த்தே முடிவுசெய்கிறார்கள்.

ஹிஜ்ரி 66இல், அதாவது 685-86இல், பாரசீக நகரான பிஷாப்பூரில் அச்சான காசின் ஓரத்தில் ‘முஹம்மது இறைத்தூதர்’ என்ற வாசகம் சேர்ந்தது. நபிகளின் பெயர் தாங்கிய, ஆண்டு தெரிந்த காசுகளில் மிகப் பழையது இதுதான்.

ஓரத்து எழுத்து நடுவுக்கு வந்தது கலீபா அப்துல் மலிக் காலத்தில். 696-97இல் தங்கக் காசும், அதையடுத்து வெள்ளிக் காசும் உருவங்களை அறவே விட்டன. இருபக்கமும் குர்ஆன் வாசகங்கள். ஊரும் ஆண்டும் அரபியிலேயே. வெள்ளிக் காசின் எடை 3 கிராமுக்குச் சற்றுக் கீழே இறங்கியது.

பெயர் மட்டும் மாறவில்லை. கிரேக்க ‘திராக்மா’ பாரசீகத்தில் ‘த்ரஹ்ம்’ ஆகி, அரபியில் ‘திர்ஹம்’ ஆனது. துபாயில் வேலை செய்யும் நம்மவர்கள் மாதந்தோறும் சம்பளமாக வாங்குவது அதே பெயர் கொண்ட பணத்தைத்தான்.