ஷோரூம்ல கிடைக்கிற மரியாதைக்கு நீங்க எவ்வளவு கட்டுறீங்க?

முதல் கார் வாங்கப் போற யாரைக் கேட்டாலும் மைலேஜ், சேஃப்டி ரேட்டிங், சன்ரூஃப்னு மணிக்கணக்கா பேசுவாங்க. பத்து ரிவ்யூ வீடியோ பார்த்திருப்பாங்க. ஆனா ஷோரூமுக்குள்ள போய் உட்கார்ந்த பிறகு எதிர்ல இருக்கிறவர் நம்மை எப்படி நடத்துவார், அதனால நம்ம பில் எப்படி மாறும்னு யோசிக்கிறவங்க ரொம்பக் கம்மி.

ஒரு ஆடிட்டரா என்கிட்ட வர்ற சம்பளக்காரங்களோட கார் கொட்டேஷன்களை அடிக்கடி பார்க்கிறேன். "சார், இதெல்லாம் சரிதானே?"ன்னு கேட்பாங்க. பெரும்பாலும் அட்வான்ஸ் கட்டின பிறகுதான் கேட்பாங்க. ஏன் முதல்லயே கேட்கலைன்னா, பதில் ரெண்டே ரெண்டுதான். "அவர் ரொம்ப நல்லா பேசினார் சார், கேட்க சங்கடமா இருந்துச்சு." இல்லேன்னா, "கேட்டா காசில்லாதவன்னு நினைச்சுடுவாங்களோன்னு விட்டுட்டேன்." ரெண்டுமே மரியாதை சம்பந்தப்பட்டது. பில்லுல அதுக்குன்னு தனி வரி கிடையாது, ஆனா காசு அங்கதான் போகுது.

முதல் ஐந்து நிமிஷம்: உங்களை எடை போடுற நேரம்

உள்ள நுழைஞ்சதும் தண்ணீர் வரும், அடுத்து கேள்விகள் வரும். "எங்க சார் வொர்க் பண்றீங்க?" "எப்ப எடுக்கிற பிளான்?" "கேஷா, லோனா?" "பழைய வண்டி ஏதாவது இருக்கா?" "வீட்ல யார் ஓட்டுவாங்க?"

கேட்க சாதாரணப் பேச்சு மாதிரிதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு பதிலும் ஒரு கணக்கு. கம்பெனி பேர் சொன்னா லோன் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும்னு தெரிஞ்சிடும். "இந்த மாசமே"ன்னு சொன்னா உங்களுக்கு அவசரம்னு தெரிஞ்சிடும். "இஎம்ஐ பதினஞ்சாயிரம் வரைக்கும் ஓகே"ன்னு நீங்க சொன்ன நிமிஷத்துல காரோட விலை பேச்சுல இருந்தே காணாமப் போயிடும். அதுக்கப்புறம் எல்லாமே அந்தப் பதினஞ்சாயிரத்துக்குள்ள எவ்வளவு திணிக்கலாம்ங்கிற பேச்சுதான்.

பொய் சொல்ல வேண்டாம். எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "முதல்ல ஆன்ரோடு விலை பேசுவோம், லோன் பத்தி அப்புறம் சொல்றேன்." இந்த ஒரு வாக்கியம் போதும்.

கண்டுக்காம விடுறது

செருப்பு, டி-ஷர்ட், பழைய டூவீலர். இதைப் பார்த்து "இவர் சும்மா பார்க்க வந்தவர்"னு முடிவு பண்ணிட்டுப் பக்கத்து டேபிளுக்குப் போறவங்க இருக்காங்க. 2022 ஜனவரியில் கர்நாடகாவின் தும்கூருவில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். பிக்கப் வண்டி பார்க்கப் போன ஒரு விவசாயியை, உங்க பாக்கெட்ல பத்து ரூபாய் கூட இருக்காதுங்கிற மாதிரி பேசி அனுப்பியதாகப் புகார் எழுந்தது. அவர் ஒரு மணி நேரத்துக்குள்ள பத்து லட்சம் ரூபாயோட திரும்பி வந்தார். வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கடைசியில் மன்னிப்புக் கேட்டார்கள்.

பார்க்கிறவங்களுக்கு அது ஒரு ஜெயிச்ச கதை. எனக்கு அதுல வேற ஒண்ணும் தெரியுது. அவமானப்பட்டவுடனே, "இப்பவே வாங்கிக் காட்டுறேன்"னு நாம முடிவு எடுக்கிறோம் பாருங்க, பணம் சம்பந்தமான முடிவு எடுக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. (இன்னொரு விஷயம்: ரெண்டு லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ ஒரு வியாபாரத்துக்கு ரொக்கமா வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறதில்லை. மீறினா வாங்கினவருக்கு அதே தொகை அபராதம். அதனால வீராப்புக்குக் கூடப் பையில காசு எடுத்துட்டுப் போகாதீங்க.)

பெண்களுக்கு நடக்கிறது இன்னொரு விதம். லோன் அவங்க பேர்ல, சம்பளம் அவங்களோடது, ஓட்டப் போறதும் அவங்கதான். ஆனா சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் கூட வந்த அண்ணனையோ கணவரையோ பார்த்துத்தான் இன்ஜின் பத்திப் பேசுவார். அவங்க பக்கம் திரும்பினா, "மேடம், இதுல நாலு கலர் இருக்கு." இப்படி நடந்தா அழகா ஒரு வாக்கியம் சொல்லுங்க: "பணம் கட்டுறது நான், என்கிட்ட பேசுங்க." அப்பவும் மாறலையா, வேற ஆளைக் கேளுங்க. இல்லேன்னா வேற டீலர். அதே கம்பெனி, அதே கார், சென்னை, கோவை மாதிரி ஊர்ல ரெண்டு மூணு டீலர்கிட்டயாவது கிடைக்கும். நல்லா நடத்தலைன்னா கோபத்துல வாங்காதீங்க, அமைதியா வெளிய வாங்க.

தலைல தூக்கி வைக்கிறது

இது இன்னும் காஸ்ட்லி. "உங்க ப்ரொஃபைலுக்கு பேஸ் மாடல் எல்லாம் செட் ஆகாது சார்." "டீம் லீடரா இருக்கீங்க, டாப் எண்ட் போயிடுங்க. வெறும் பதினஞ்சாயிரம்தான் டிஃபரன்ஸ்."

அந்தப் பதினஞ்சாயிரத்தைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர்ல இருந்து புது காருக்கான சாலை வரி நாலு படியா இருக்கு. 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல 20%. வருமான வரி ஸ்லாப் மாதிரி மிச்சத்துக்கு மட்டும் கூடுதல் வரின்னு கிடையாது. படி மாறினா முழு விலைக்கும் புது சதவீதம்.

எக்ஸ்-ஷோரூம் 9,95,000 ரூபாய் கார்: 13% வரி, 1,29,350 ரூபாய்.

எக்ஸ்-ஷோரூம் 10,10,000 ரூபாய் கார்: 18% வரி, 1,81,800 ரூபாய்.

வரியில மட்டும் 52,450 ரூபாய் வித்தியாசம். காரோட 15,000 சேர்த்தா 67,450. பத்து லட்சம் தாண்டியதால 1% டிசிஎஸ், அதாவது 10,100 ரூபாய், தனியா கட்டணும். "வெறும் பதினஞ்சாயிரம்"னு சொன்னவர் பொய் சொல்லலை. எக்ஸ்-ஷோரூம் வித்தியாசத்தை மட்டும் சொன்னார். மீதியை நீங்கதான் கேட்டிருக்கணும்.

அவர் வில்லன் இல்லை

இதைச் சொல்லியே ஆகணும். அந்த சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவுக்கும் உங்க வயசுதான் இருக்கும். சுமாரான சம்பளம், மாசக் கடைசியில டார்கெட். வண்டி வித்தா மட்டும் போதாது. இன்சூரன்ஸ், லோன், ஆக்சசரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டின்னு ஒவ்வொண்ணுக்கும் பெரும்பாலான இடங்கள்ல தனித்தனி இன்சென்டிவ் இருக்கும். டீலருக்கும் வண்டியில வர்ற லாபத்தைவிட இதுகள்ல வர்றது முக்கியம். அதனால அவர் எங்க அழுத்துறாரோ அங்கதான் மார்ஜின் இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க. அவர்மேல கோபப்பட வேண்டிய அவசியம் இல்லை. மரியாதையா பேசுங்க, கறாரா கணக்கு கேளுங்க.

கொட்டேஷன்ல எங்க பார்க்கணும்?

வாய்ப் பேச்சு வேண்டாம். வரி வரியா பிரிச்ச கொட்டேஷனை எழுத்துல வாங்குங்க.

*எக்ஸ்-ஷோரூம் விலை:* கம்பெனி வெப்சைட்ல இருக்கிற உங்க ஊர் விலையோட பொருந்துதான்னு பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள்ள, 1200 சிசி வரை இருக்கிற பெட்ரோல் காருக்கும், 1500 சிசி வரை இருக்கிற டீசல் காருக்கும் ஜிஎஸ்டி 18%. பெரிய கார்களுக்கு 40%. எலக்ட்ரிக்னா 5%.

*இன்சூரன்ஸ்:* பெரும்பாலான ஓட்டை இங்கதான். புது காருக்கு மூணு வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஓன் டேமேஜ் ஒரு வருஷத்துக்கு எடுத்தா போதும். "எங்ககிட்ட எடுத்தாதான் டிஸ்கவுண்ட், எங்ககிட்ட எடுத்தாதான் கேஷ்லெஸ்"னு பயமுறுத்துவாங்க. ஐஆர்டிஏஐ விதிகள்படி டீலர் இன்சூரன்ஸ் விக்கலாம், ஆனா தன்கிட்டதான் எடுக்கணும்னு கட்டாயப்படுத்த முடியாது. கேஷ்லெஸ் கிடைக்குமான்னு அந்த இன்சூரன்ஸ் கம்பெனியோட நெட்வொர்க் கராஜ் லிஸ்ட்ல நீங்களே பார்த்துக்கலாம். அதே ஐடிவி, அதே ஆட்-ஆன் போட்டு ஆன்லைன்ல ரெண்டு கொட்டேஷன் எடுத்துட்டு டேபிள்ல வைங்க. பல நேரம் அங்கேயே விலை இறங்கும். 15 லட்ச ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் ஏற்கனவே வேற வண்டி பாலிசியிலயோ தனியாவோ இருந்தா மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

*ஹேண்ட்லிங் / லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ்:* "இது எதுக்கு, பில்லுல தனியா வருமா?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா எடுக்கச் சொல்லுங்க.

*ஆக்சசரீஸ் பேக்:* மேட், மட் ஃப்ளாப், சீட் கவர்னு ஒரு பெரிய தொகை. கட்டாயம் கிடையாது. வேணுங்கிறதை மட்டும் பிரிச்சு எடுங்க.

*டிசிஎஸ்:* இது செலவு இல்லை. உங்க பேர்ல கட்டின வரி. 26ஏஎஸ்-ல வந்திருக்கான்னு பார்த்து ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், ரீஃபண்டும் வாங்கலாம். சம்பளக்காரங்களுக்கு இன்னொரு வசதி, 2024 அக்டோபர்ல இருந்து இதை ஆபீஸ்ல தெரிவிச்சு அந்த வருஷ டிடிஎஸ்-லயே குறைச்சுக்கலாம். இன்வாய்ஸ்ல உங்க பான் நம்பர் சரியா இருக்கணும், அவ்வளவுதான்.

*கார்ப்பரேட் டிஸ்கவுண்ட்:* ஐடி கார்டு, பேஸ்லிப் காட்டினா பல கம்பெனிகள் தருது. நீங்க கேட்கலைன்னா பல நேரம் அவங்களா சொல்ல மாட்டாங்க.

லோன் டேபிள்

"ஏழு வருஷமா மாத்திட்டா இஎம்ஐ குறையும் சார்." குறையும். 8 லட்சம் லோன், 9% வட்டி. ஐந்து வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 16,607. ஏழு வருஷத்துக்கு 12,871. மாசம் 3,700 சொச்சம் மிச்சம்னு தோணும். மொத்த வட்டி ஐந்து வருஷத்துல சுமார் 1.96 லட்சம், ஏழு வருஷத்துல 2.81 லட்சம். குறைஞ்ச இஎம்ஐயோட விலை 85,000 ரூபாய்.

இன்னொரு வித்தை, "ஃப்ளாட் 7%". அதே 8 லட்சத்துக்கு ஐந்து வருஷத்துல வட்டி 2.8 லட்சம், இஎம்ஐ 18,000. ரெட்யூசிங் கணக்குல அது கிட்டத்தட்ட 12.5% வட்டி. 9%-ஐ விட 7% மலிவுன்னு நம்பிக் கையெழுத்து போட்டா இதுதான் நடக்கும். 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, லோன் தர்றவங்க கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் தரணும். அதுல ஏபிஆர்னு ஒரு சதவீதம் இருக்கும். ப்ராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேர்ந்த உண்மையான விலை அதுதான். ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க சேலரி அக்கவுண்ட் இருக்கிற பேங்க்ல ஒரு ஆஃபர் வாங்கி வச்சுக்கோங்க. ரெண்டு ஏபிஆரையும் ஒப்பிடுங்க. வேற எதையும் ஒப்பிட வேண்டாம்.

"வெள்ளிக்கிழமை நல்ல நாள் சார்"

நம்ம ஊர்ல கடைசி ஆயுதம் இது. "இன்னைக்கு புக்கிங் போட்டாதான் முகூர்த்தத்துக்கு டெலிவரி தர முடியும், இந்த ஆஃபர் நாளையோட முடியுது." வீட்ல அம்மாகிட்ட நாள் குறிச்சுச் சொல்லியாச்சு, மாலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சொல்லியாச்சு. அதுக்கப்புறம் எந்த வரியையும் கேள்வி கேட்கத் தோணாது. அதனால வரிசையை மாத்துங்க. முதல்ல விலை, அடுத்து எழுத்துல கொட்டேஷன், கடைசியாத்தான் நல்ல நாள். டெலிவரி தேதியை நீங்களா முன்கூட்டிச் சொல்லவே சொல்லாதீங்க.

புக்கிங் கட்டும்போது கேன்சல் பண்ணினா எவ்வளவு திரும்ப வரும்னு ரசீதுலயோ மெயில்லயோ வாங்குங்க. முழுப் பணம் கட்டுறதுக்கும் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் முன்னாடி, உங்களுக்கு ஒதுக்கின வண்டியோட சேசிஸ் நம்பரை வாங்கி நேர்ல பாருங்க. பெயிண்ட், டயர், கிலோமீட்டர் எல்லாம் செக் பண்ணுங்க. தயாரிச்ச மாசம், வருஷம் ஃபார்ம் 21-ல இருக்கும். போன வருஷ வண்டின்னா அதுக்கேத்த டிஸ்கவுண்ட் வேணும். "அதெல்லாம் காட்ட மாட்டோம்"னு சொல்ற இடத்துல பணம் கட்டாதீங்க.

பணத்தைத் திருப்பித் தரலை, சொன்னது ஒண்ணு செஞ்சது ஒண்ணுன்னா, முதல்ல டீலருக்கும் கம்பெனியோட கஸ்டமர் கேருக்கும் மெயில் போடுங்க. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் சரிவரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்க எல்லாம் கைகொடுக்கப் போறது எழுத்துல இருக்கிற ஆதாரம் மட்டும்தான்.

நாளைக்கே போறவங்களுக்கு

குறைஞ்சது ரெண்டு டீலர்கிட்ட ஒரே வேரியண்டுக்குக் கொட்டேஷன் வாங்குங்க. முதல் தடவை போகும்போது அட்வான்ஸ் கட்டுறதில்லைன்னு வீட்லயே முடிவு பண்ணிட்டுப் போங்க. "யோசிச்சுட்டு சொல்றேன்"னு சொல்லி எழுந்து வர்ற வரைக்கும்தான் பேரம் உங்க கையில. நல்லா நடத்தினவருக்கு நன்றி சொல்லுங்க, நாலு பேருக்கு அவரை ரெகமெண்ட் பண்ணுங்க. அது அவருக்கு நிஜமாவே உதவும். ஆனா அவர் குடுத்த காஃபிக்குப் பதிலா இன்சூரன்ஸ் எடுக்காதீங்க.

அஞ்சு வருஷம் இஎம்ஐ கட்டப் போறது நீங்க. உங்களைப் பத்தி அந்த ஷோரூம்ல யார் என்ன நினைச்சாங்கங்கிறது ரெண்டாவது இஎம்ஐ வர்றதுக்குள்ள மறந்து போயிடும். இஎம்ஐ மட்டும் மாசா மாசம் ஞாபகப்படுத்திட்டே இருக்கும்.