உயிர்க் காலேஜ்

மாங்காட்டில் வாழ்வோர் காட்டைக் காண வேண்டுமானால் மாங்காட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருக்கிறது. மாமரக் காடு என்பது நம் ஊர்ப்பெயரின் பொருள். அண்டை ஊராகிய திருவேற்காட்டின் பெயரிலோ வேலமரக் காடு நிற்கிறது. பெயரில் நிற்பவை நிலத்தில் இல்லை. வீட்டுமனைகளும் தொழிற்கூடங்களும் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டு ஆண்டுகள் பல ஆயின. ஆகவே பிள்ளைகள் "அத்தா, புலி பார்க்கப் போகலாம்" என்று கேட்கும்போது, குன்றத்தூர் சென்று வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூரை அடைவதே நமக்குரிய எளிய வழியாகும். அங்குள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிற்குக் குடும்பத்தோடு செல்வோர் என்ன காண்கின்றனர், எவ்வாறு காண்கின்றனர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இப்பூங்காவின் வரலாற்றில் நம் சமுதாயப் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. சென்னையில் 1851ஆம் ஆண்டு அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றபோது, அதன் பொறுப்பாளராக இருந்தவர் எட்வர்டு பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர். சென்னை முகம்மதன் பொது நூலகம் தோன்றுவதற்கும் முன்னின்றவர். உயிருள்ள விலங்குகளைக் காட்டினால் மக்கள் திரண்டு வருவர் என்பதை உணர்ந்த அவர், ஆற்காட்டு நவாபாகிய குலாம் முகம்மது கௌஸ் கானிடம் எடுத்துரைத்தார். நவாபும் தாம் வளர்த்து வந்த விலங்குகள் அனைத்தையும் 1854இல் அருங்காட்சியகத்திற்கு வழங்கிவிட்டார். அக்கொடையையே கருவாகக் கொண்டு 1855இல் சென்னை விலங்குக் காட்சிச்சாலை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நவாப் நேர் வாரிசின்றிக் காலமானார். அவர் வகித்த பட்டத்தை ஆங்கில ஆட்சி நீக்கிவிட்டது. சேப்பாக்கம் அரண்மனையும் அரசின் கைக்குப் போயிற்று. 'ஆஸம்' என்னும் புனைபெயரில் பாரசீகக் கவிதை யாத்த அந்நவாபின் பட்டமும் அரண்மனையும் போன பின்னும் அவர் கொடுத்த விலங்குகளின் வழி வந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. இதனை அறிந்தோர் மிகச் சிலரே என்பது நமக்கு வருத்தந்தருகிறது.

பின்னர் அக்காட்சிச்சாலை மாநகராட்சியின் பொறுப்பில், சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பூங்காவிற்கு மாறிற்று. மூர் மார்க்கெட்டுக்குப் போனவர்கள் அப்படியே சிங்கத்தையும் பார்த்து வந்த காலம் அது. அருங்காட்சியகம் தொடக்கத்தில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் இயங்கியமையால் மக்கள் அதனைச் 'செத்த காலேஜ்' என்றனர் என்பர். அதற்கு இணையாக விலங்குகள் இருந்த இடம் 'உயிர்க் காலேஜ்' ஆயிற்று. படிக்காத மக்கள் வைத்த பெயர்தான். ஆயினும் வேடிக்கை பார்க்கும் இடத்தைக் கல்வி நிலையம் என்று அவர்கள் அழைத்தது எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நகரம் நெருக்கியபோது அந்தச் சிறு இடமும் கம்பிக் கூண்டுகளும் போதாவாயின. வண்டலூர்க் காப்புக்காட்டில் புதிய இடம் ஒதுக்கப்பெற்று, 1985 ஜூலையில் அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். பூங்காவைத் திறந்து வைத்தார். முட்புதர்கள் மண்டிய வறண்ட காடாக இருந்த அந்நிலம் மரங்கள் நடப்பெற்று நிழல் பெற்றது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர்.

இடம் மாறியதோடு விலங்கை வைக்கும் முறையும் மாறியது. வண்டலூரில் புலிக்கும் நமக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் அகழி. செருமானிய நாட்டின் ஹாம்பர்க் நகரருகே கார்ல் ஹாகன்பெக் என்பார் 1907இல் திறந்த விலங்குப் பூங்கா இம்முறையை உலகறியச் செய்தது. ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தூரம் தாவும், எவ்வளவு உயரம் ஏறும் என்று அளந்து, அதற்கு மேற்பட்ட அகலமும் ஆழமும் உடையதாகப் பள்ளம் தோண்டுவர். சில விலங்குகளுக்கு அதில் நீரும் தேக்குவர். பார்வையாளர் பக்கத்துச் சுவர் பள்ளத்துள் தாழ்ந்து நிற்பதால் கண்ணுக்குத் தடை தெரிவதில்லை. புலி நம்மோடு ஒரே நிலத்தில் நிற்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. இத்தோற்றம் ஏமாற்றக்கூடியது. 2014 செப்டம்பரில் தில்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப்புலியின் அகழிக்குள் வீழ்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். கைக்குழந்தையைத் தடுப்புச் சுவரின்மேல் உட்கார வைத்துப் படம் எடுப்போரைக் காணும்போதெல்லாம் நமக்கு அச்செய்தியே நினைவுக்கு வருகிறது.

கூண்டு அகழியாயிற்று, பார்ப்பவர் பழக்கம் மட்டும் கூண்டுக் காலத்திலேயே நிற்கிறது. நாம் குடும்பத்தோடு சென்றிருந்த ஒரு நாள், நண்பகல் வெயிலில் மரநிழலில் படுத்திருந்த சிங்கத்தை எழுப்புவதற்காக இளைஞர் சிலர் கைதட்டி ஊளையிட்டனர். உடன் வந்திருந்த பிள்ளைகளின் நன்னி, "தூங்குகிற வாயில்லாச் சீவனை ஏனப்பா எழுப்புகிறீர்கள்?" என்று கேட்டார்கள். இளைஞர்கள் சிரித்துக்கொண்டு நகர்ந்தனர். சிங்கம் நாளின் பெரும்பகுதியை ஓய்வில் கழிக்கும் விலங்கு. அது படுத்திருப்பதே அதன் இயல்பான வாழ்க்கையைக் காண்பதாகும். நன்னி அறத்தைச் சொன்னார்கள்; சட்டமும் அதையே சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, உயிரியல் பூங்கா விலங்கைச் சீண்டுவதையும், அதற்கு உணவிடுவதையும், ஓசையால் தொல்லைப்படுத்துவதையும், அங்கே குப்பை போடுவதையும் குற்றமென விலக்குகிறது. கடலை கொடுப்பது அன்பென்று எண்ணுவோர் உண்டு. அளந்து உணவு பெறும் விலங்குக்கு அவ்வன்பு நோயாகலாம்.

நம்மிடமிருந்து அவற்றுக்குத் தொற்றக்கூடியவை எவ்வளவு என்பதை 2021 காட்டிற்று. அவ்வாண்டு ஜூன் 3ஆம் நாள், நீலா என்னும் பெண் சிங்கம் வண்டலூரில் கொரோனாத் தொற்றால் இறந்தது; அத்திங்களிலேயே ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தது. சிங்கங்களைத் தாக்கியது மனிதரிடையே அப்போது பரவிய டெல்டா வகையே என்று ஆய்வில் தெரிந்தது.

பூங்காவிற்குள் நடக்கும் மற்றொரு பணி பார்வையாளர் பலர் கண்ணில் படுவதில்லை. அருகிவரும் விலங்குகளை இனப்பெருக்கம் செய்வித்துக் காப்பதே அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளையன்றி வேறெங்கும் இயற்கையில் வாழாத சிங்கவால் குரங்கு அவ்வாறு காக்கப்படுவதில் ஒன்று. அதனைச் 'சோலைமந்தி' என்றும் எழுதுகின்றனர். அழகிய பெயரே, ஆனால் தமிழாசிரியர் வாய் சும்மா இருப்பதில்லை. மந்தி என்பது பெண்பாற் பெயர்; ஆண் குரங்கு கடுவன். தொல்காப்பிய மரபியல் இவற்றை வகுத்துச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இதனைச் சொன்னபோது, "அப்படியானால் புலிக்குட்டிக்கு என்ன பெயர்?" என்று வினவினர். குருளை, பறழ் என்றோம். மான்குட்டி மறி. யானைக்குக் கன்றும் குழவியும். குரங்குக்கோ மகவு, பிள்ளை, பார்ப்பு என்று மக்களுக்கும் பறவைக்கும் உரிய பெயர்களெல்லாம் உண்டு. ஒட்டகத்தின் குட்டியும் கன்றெனப்படுவது மரபியலில் இடம்பெறுகிறது. அரபு நாட்டு விலங்கென்று நாம் எண்ணுவதைத் தமிழிலக்கணம் அத்துணைப் பழங்காலத்தில் அறிந்திருந்தது என்பதில் பிள்ளைகளைவிட நமக்கே மகிழ்ச்சி மிகுதி.

இச்சொற்கள் பாடநூலில் மனப்பாடத்திற்கு மட்டும் கிடப்பதால் மாணவர்க்குக் கசக்கின்றன. விலங்கின் முன் நின்று சொன்னால் ஒருமுறை சொன்னதே போதும். நம்மவர் 'காட்டெருமை' என்று சுட்டும் பெரிய விலங்கு எருமையினத்தது அன்று, மாட்டினத்தது. சங்க நூல்கள் அதனை 'ஆமா' என வழங்குகின்றன. இரண்டெழுத்துப் பெயருக்குள் விலங்கியல் உண்மை அடங்கியிருப்பதை அதன் வேலியருகே நின்று விளக்கினால் பிள்ளைகள் மறப்பதில்லை.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். செவ்வாய்க்கிழமை பூங்காவிற்கு விடுமுறை. வெள்ளியன்று ஜும்ஆவை எண்ணிப் பாதியில் திரும்ப நேரிடும். ஞாயிறன்று தலைகளே தெரியும், விலங்கு தெரியாது. எனவே சனிக்கிழமைக் காலையே ஏற்றது என்பது எம் கருத்து. முதியோர்க்கு மின்கல ஊர்தி உண்டு. அனைத்தையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க ஓட வேண்டா. நான்கைந்து விலங்குகளின் முன் அரைமணி நேரம் நிற்பதே மேல்.

வடகிழக்குப் பருவமழை பெய்து ஓட்டேரி ஏரியில் நீர் நின்றால், இறுதியாக அங்குச் செல்லலாம். பூங்காவிற்குள்ளேயே இருக்கும் அவ்வேரிக்கு நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் தாமாகவே வந்து தங்குகின்றன. எவரும் பிடித்து வந்தவை அல்ல. நீர் வற்றிய ஆண்டுகளில் அவற்றின் வரவும் குறைந்துவிடும். மாலைநேரத்தில் கரைமேல் அமைதியாக நின்றால், அவை கூட்டங்கூட்டமாக மரங்களில் வந்தடைவதைக் காணலாம்.