கர்ப்பிணிக்கு எந்த மீன்?

மாசமாக இருப்பவள் மீன் சாப்பிடலாமா என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் வரும். மாமியார் சூடு என்பார், அம்மா சத்து என்பார். போதாக்குறைக்கு, 'மீனில் பாதரசம்' என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றுகிறது.

பாதரச பயம் வெறும் புரளி இல்லை. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. 1956-ல் விளைவு வெளியே தெரிந்தது. அந்தக் கடல் மீனைச் சாப்பிட்டும் பெரிதாக எந்த நோயும் தெரியாத தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தன. ஆனால் அது ஆலை கொட்டிய விஷம். சாதாரணக் கடல் மீனுக்கு அந்தக் கணக்கைப் போடலாமா?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 92-ல் கர்ப்பமாக இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் 7,421 குழந்தைகளின் விவரம் 2004-ல் வெளியானது. பதினைந்து மாதக் குழந்தைக்கு எத்தனை சொற்கள் புரிகின்றன என்று மதிப்பெண் போட்டார்கள். வாரத்துக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ மீன் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குச் சராசரி 72. மீனே தொடாதவர்களின் குழந்தைகளுக்கு 68. சின்ன வித்தியாசம்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொப்புள்கொடித் துண்டுகளில் பாதரசத்தையும் அளந்தார்கள். மீன் கூடக் கூட அதுவும் கூடியிருந்தது. ஆனால் அளவு சொற்பம், குழந்தையின் வளர்ச்சியை அது பாதித்ததாகத் தெரியவில்லை.

செஷல்ஸ் தீவுகளில் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிடும் தாய்மாரின் தலைமுடியைச் சோதித்தார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். பிரசவத்தின்போது ஒரு இழை கிடைத்தால் போதும், கர்ப்பகாலம் முழுவதற்கும் பாதரசக் கணக்கு அதில் இருக்கும். அந்தப் பிள்ளைகளிடமும் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் பரோ தீவுகளில் தெரிந்தது: நினைவாற்றல், மொழி, கவனம் ஆகியவற்றில் சிறு பின்னடைவு. அங்கே தாய்மார்களின் தட்டில் இருந்தது திமிங்கிலக் கறி.

திமிங்கிலத்துக்குச் சொன்னது சுறாவுக்கும் பொருந்தும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை இன்னும் பெரியது தின்ன, ஒவ்வொரு படியிலும் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். அது சதையோடு ஒட்டிக்கொள்வதால் மஞ்சள் போட்டுக் கழுவினாலும், எண்ணெயில் பொரித்தாலும் போகாது.

இதனால்தான் நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது: பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு. குட்டிச் சுறாவில் பாதரசம் குறைவாக இருக்கலாம். ஆனால் வெட்டி வைத்த துண்டைப் பார்த்து வயது சொல்ல முடியுமா? கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கவேண்டியவை என்று அமெரிக்க அரசு வெளியிட்ட பட்டியலில் சுறா இருக்கிறது. நம் வஞ்சிரத்தின் அட்லாண்டிக் பங்காளி ஒன்றும் இருக்கிறது. எனவே வஞ்சிரம் என்றைக்காவது போதும்.

மீனுக்குப் பதில் மீன் எண்ணெய் மாத்திரை போதாதா என்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளை வைத்து நடந்த சோதனை 2010-ல் வெளியானது. ஒன்றரை வயதில் சராசரி அறிவு வளர்ச்சியில் மாத்திரையால் வித்தியாசம் எதுவும் வரவில்லை. மீனில் கொழுப்பு மட்டுமா இருக்கிறது? புரதமும் அயோடினும் பி12-ம் சேர்ந்தே வருகின்றன.

பார்க்கப்போனால் நல்ல மீன்தான் மலிவான மீன். மத்தி, நெத்திலி இரண்டும் சிறியவை, சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முடிபவை. பாதரசம் சேர நேரமில்லை. வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை, இரண்டு மூன்று வேளையாகச் சாப்பிடலாம் என்பது அதே அமெரிக்கப் பரிந்துரை. ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பயத்தில் மீனையே நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வாரமே மத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள், நன்றாக வேகவைத்து.