அதிர்வை விரட்டிய மெக்கானிக்

1907-ஆம் ஆண்டு கோடையில் வெள்ளி நிறக் கார் ஒன்று லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்குமாகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. மற்ற நாள்களில் ஆள் மாற்றி ஆள், இரவு பகல் பார்க்காமல் ஓட்டினார்கள். 629 மைல் ஓடியிருந்தபோது கார் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. சாலைக் குலுக்கலில் பெட்ரோல் டேப் தானே திரும்பி மூடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்துவிட்டு மறுபடியும் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு 14,371 மைல், அதாவது 23,000 கிலோமீட்டருக்கும் மேல், அந்தக் கார் எந்த இயந்திரப் பழுதுக்காகவும் வழியில் நிற்கவே இல்லை.

மொத்தம் 15,000 மைல் முடிந்ததும், சோதனையை மேற்பார்வையிட்ட ராயல் ஆட்டோமொபைல் கிளப் காரைப் பிரித்துப்போட்டு ஒவ்வொரு பாகமாகச் சோதித்தது. தேய்ந்தவற்றை மாற்றிப் புதுக்கார் போல ஆக்க உதிரிபாகங்களுக்கு ஆன செலவு 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ். ஊர் விட்டு ஊர் போவதற்குள் டயரோ செயினோ ஏதாவது ஒன்று போய்விடும் என்று எதிர்பார்த்தே காரை எடுத்த காலம் அது.

அந்தக் காரின் பெயர் சில்வர் கோஸ்ட். வெள்ளிப் பூச்சு இருந்ததால் சில்வர்; ஓடுவது காதில் விழாததால் கோஸ்ட். ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் மகாராஜாக்களும் தங்கக் கைப்பிடிகளும் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது அந்த பெட்ரோல் டேப்தான். இன்ஜினின் அதிர்வை அடக்கியவர்கள், சாலையின் அதிர்வால் ஒரே ஒரு முறை நின்றார்கள். இந்த நிறுவனத்தின் கதையை அதிர்வோடு போட்ட நெடிய சண்டையின் கதையாகவே நான் படிக்கிறேன்.

சண்டையைத் தொடங்கியவர் ஹென்றி ராய்ஸ். 1863-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ பக்கத்தில் ஆல்வால்டன் என்ற சிற்றூரில், மாவு மில் நடத்தி நொடித்துப்போன ஒருவரின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ராய்ஸுக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். பேப்பர் விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். ஓர் அத்தை ஆண்டுக்கு 20 பவுண்டு கட்டி ரயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். மூன்று ஆண்டில் அத்தையின் பணம் தீர்ந்தது. பட்டறை வாசமும் முடிந்தது. முறையான தொழிற்பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது இவ்வளவுதான். பிற்காலத்தில் புகழின் உச்சியில் இருந்தபோதும் தன்னை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார்.

1884-இல் மான்செஸ்டரின் குக் தெருவில் ஒரு கூட்டாளியுடன் சிறிய பட்டறை போட்டார். செய்தது மின்சார அழைப்பு மணி, விளக்கு ஹோல்டர்; பிறகு டைனமோ, மின்சார கிரேன். காருக்கு வந்ததே தற்செயல்தான். பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை, இரண்டு சிலிண்டர் டெகோவீலை, தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கினார். அதன் சத்தமும் குலுக்கலும் ஒழுங்கில்லாத மின்சார இணைப்புகளும் அவருக்குப் பொறுக்கவில்லை. வேறு யாராயிருந்தாலும் விற்றிருப்பார்கள். ராய்ஸ் பிரித்துப் போட்டார். எந்தப் பாகம் எதனால் தடதடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதே மாதிரியில் தன் கார் ஒன்றைச் செய்தார். 1904 ஏப்ரல் 1 அன்று அது தெருவுக்கு வந்தது. புதிதாக அவர் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இருந்ததை எல்லாம் சரியாகச் செய்தார்.

அடுத்த மாதம் மே 4 அன்று, மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் சார்லஸ் ரோல்ஸ் அவரைச் சந்தித்தார். பிரபு வீட்டுப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் இயந்திரவியல் படித்தவர். லண்டனில் வெளிநாட்டுக் கார்களை விற்றுக்கொண்டிருந்தவர். இரண்டு சிலிண்டர் கார் என்றாலே அவருக்கு ஆகாது, உதறும் என்பதால். ராய்ஸின் காரும் இரண்டு சிலிண்டர்தான். ஆனால் உதறவில்லை. ராய்ஸ் செய்கிற கார்களையெல்லாம் நான் விற்கிறேன் என்று ரோல்ஸ் ஒப்புக்கொண்டார். வறுமையில் வளர்ந்த தொழிலாளியையும் செல்வத்தில் பிறந்த இளைஞரையும் சேர்த்துவைத்தது உதறாத ஓர் இன்ஜின்.

இன்ஜின் ஏன் உதறுகிறது?

பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. மேலே போய் ஒரு கணம் நிற்கும், திரும்பும். கீழே போய் நிற்கும், திரும்பும். நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் நொடிக்கு 20 தடவை இந்த ஏறி இறங்கல். கனமான ஓர் உலோகத் துண்டை இப்படி நிறுத்தித் திருப்ப வேண்டுமானால் அதற்கான விசையை இன்ஜின் கூடு தாங்கியாக வேண்டும். அதுதான் காருக்குள் உட்கார்ந்திருப்பவரின் பல்லை ஆட்டுகிறது.

ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கான மருந்து சட்டென்று புரியும். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்க வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும். கணக்கு நேராகிவிட்டது போலத் தெரிந்தாலும், ஒரு மிச்சம் இருக்கிறது. பிஸ்டனையும், அதன் ஏறி இறங்கலைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டையும் இணைக்கும் கோல் சாய்ந்து சாய்ந்து சுற்றுவதால், பிஸ்டன் மேல் பாதித் தூரத்தைக் கீழ்ப் பாதியைவிடச் சற்று வேகமாகக் கடக்கும். ஏறுவதும் இறங்குவதும் துல்லியமாக ஈடாவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை ஒரு சிறு உதறல் மிஞ்சும்.

ஆறு சிலிண்டரை ஒரே வரிசையில் வைத்து, பிஸ்டன்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, 120 பாகை இடைவெளியில் சுற்றவிட்டால் அந்த மிச்சமும் கரைந்துபோகிறது. விசைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. வரிசையில் ஆறு என்ற அமைப்பின் அழகு இது.

அப்படியானால் எல்லாரும் ஆறு சிலிண்டர் செய்திருக்கலாமே? செய்தார்கள், முறிந்தது. ராய்ஸின் முதல் ஆறு சிலிண்டர் காரும் இதில் அடிபட்டது. ஆறு பிஸ்டனுக்கு கிராங்க் ஷாஃப்ட் நீளமாக இருக்க வேண்டும். நீளமான தண்டு, எஃகாகவே இருந்தாலும், ஈரத்துணியைப் பிழிவது போல முறுகும், விட்டால் திரும்பும். ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும்போது தண்டுக்கு ஒரு முறுக்கு விழுகிறது. ஊஞ்சல் நம் பக்கம் வந்து திரும்பும் அந்த நொடியில் தள்ளிக்கொண்டே இருந்தால், சிறு தள்ளலுக்கும் ஊஞ்சல் உயர உயரப் போகும் அல்லவா? அதேபோல, குறிப்பிட்ட வேகங்களில் வெடிப்புகளின் தாளமும் தண்டு முறுகித் திரும்பும் தாளமும் ஒத்துப்போய்விடும். முதலில் இரைச்சல், பிறகு விரிசல், கடைசியில் முறிவு.

1906 கார் கண்காட்சியில் அறிமுகமாகி, பின்னர் சில்வர் கோஸ்ட் என்று பெயர் பெற்ற மாடலில் ராய்ஸ் இதற்கு விடை கண்டார். ஆறு சிலிண்டர் என்று நினைக்காமல், மும்மூன்றாக இரண்டு இன்ஜின்களை எதிரெதிரே வைத்து ஒட்டியது போல அமைத்தார். சிலிண்டர்களையும் மூன்று மூன்றாகவே வார்த்தார். கிராங்க் ஷாஃப்டைத் தடிமனாக்கி, ஏழு இடங்களில் பேரிங் வைத்துத் தாங்கினார். எண்ணெயை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்குள் செலுத்தினார். ஏழு லிட்டர் கொள்ளளவு இருந்தும் அந்த இன்ஜினை அவர் விரட்டவில்லை, நிதானமாகச் சுற்றவிட்டார்.

தண்டின் முறுக்கதிர்வைத் தின்பதற்கு இன்னொரு சாதனமும் வந்தது. கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு சிறிய சக்கரம். அது தண்டோடு இறுகப் பூட்டப்படாமல், உராய்வால் மட்டும் பற்றிக்கொண்டிருக்கும். தண்டு சீராகச் சுற்றும்போது அதுவும் கூடவே சுற்றும். தண்டு திடீரென்று துள்ளினால் சக்கரம் தன் எடையின் மந்தத்தால் அந்தத் துள்ளலுக்கு உடன்படாது; லேசாக வழுக்கும். துள்ளலின் ஆற்றல் அந்த உராய்வில் சூடாகிப் போய்விடும். அதே காலத்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். யார் முதல் என்ற தகராறும் வந்தது.

அதிர்வு போனால் சத்தம் மட்டுமல்ல, தேய்மானமும் குறைகிறது. காதில் விழும் இரைச்சல், பெரும்பாலும் இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று அறைவதன் சேதி. அந்த அறை இல்லாவிட்டால் உலோகம் அவ்வளவு தேயாது. 15,000 மைலுக்கு இரண்டு பவுண்டு செலவான ரகசியம் இதில் இருக்கிறது. அடிச்சட்டத்தில் ரிவெட் அடிக்காமல், குறுகிச் செல்லும் போல்ட்டுகளைத் துல்லியமாகக் கடைந்த துளைகளில் இறுக்கியதும் இதற்காகத்தான். ரிவெட் நாளாவட்டத்தில் தளரும், தளர்ந்தது கடகடக்கும். கார்களைக் குலுக்கியே உடைத்துப் பார்க்க ஓர் இயந்திரத்தையும் நிறுவனத்தின் டெர்பி தொழிற்சாலையில் வைத்திருந்தார்கள்.

இதற்கு ராய்ஸ் கொடுத்த விலை தன் உடம்பு. வேலையில் மூழ்கினால் சாப்பாட்டை மறந்துவிடுவார். பட்டறைப் பையன் ஒருவன் பால் கோப்பையோடு பின்னாலேயே ஓடுவான் என்று சொல்வார்கள். 1911-இல் படுக்கையில் விழுந்துவிட்டார். அதன் பிறகு 1933-இல் இறக்கும்வரை தெற்கு பிரான்சிலும் இங்கிலாந்தின் தென்கரையிலும் இருந்தபடி, வரைபடங்கள் வழியாகவே வேலை வாங்கினார். ரோல்ஸோ அதற்கும் முன்பே, 1910 ஜூலை 12 அன்று, விமானத்தின் வால் பகுதி உடைந்து விழுந்து 32 வயதில் இறந்திருந்தார்.

காரின் முகப்பில் கைகளைப் பின்னால் வீசி நிற்கும் பெண்சிலையும் 1911-இல் வந்ததுதான். சிற்பி சார்லஸ் சைக்ஸ். அதற்கு முன்பு தன் நண்பர் மாண்டேகு பிரபுவின் காருக்கு அவர் செய்த சிலையில், பெண் உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்பாள். சிலையின் பெயரே ‘தி விஸ்பர்’, கிசுகிசுப்பு. இரண்டுக்கும் மாதிரியாக இருந்தவர் பிரபுவின் செயலாளர் எலினார் தார்ன்டன் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. 1915 டிசம்பர் 30 அன்று, பிரபுவோடு இந்தியாவுக்கு வரும் வழியில், கிரீட் தீவருகே ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கிக் கப்பல் மூழ்கியதில் அவர் இறந்தார். பிரபு பிழைத்தார்.

இந்தியா என்றதும் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கடைக்காரர் அவமதித்ததால் மகாராஜா ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ்களை வாங்கிக் குப்பை அள்ள விட்டாராம். ஒரு முறை அல்வார் மன்னர், ஒரு முறை பாட்டியாலா, ஒரு முறை ஹைதராபாத் நிஜாம். கதை ஒன்றாகவும் ராஜா வேறு வேறாகவும் இருப்பதாலேயே அதை நான் நம்புவதில்லை.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் உலகப்போரிலிருந்தே நிறுவனம் விமான இன்ஜின்கள் செய்தது. அப்படி ஒரு விமான இன்ஜினின் செலவு தாங்காமல் 1971-இல் திவாலானது. கார் பிரிவு தனியாகப் பிரிந்து, 1998-இல் ஏலப்பொருள் போல ஆகி, தொழிற்சாலை ஃபோக்ஸ்வேகனுக்கும் பெயர் பிஎம்டபிள்யூவுக்கும் போனது. 2003 முதல் கார்கள் குட்வுட் என்ற இடத்தில் தயாராகின்றன.

சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. பெரியதை ஒழித்தால் அடுத்தது காதில் விழத் தொடங்கும். 1958-இல் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி, இந்தப் புதிய ரோல்ஸ் ராய்ஸ் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது உள்ளே கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின்சாரக் கடிகாரத்தினுடையது என்று தலைப்புப் போட்டார். விளம்பர உலகில் இன்றும் பேசப்படும் தலைப்பு. அதைப் படித்த நிறுவனப் பொறியாளர் ஒருவர், அந்தக் கடிகாரத்தை ஏதாவது செய்தாக வேண்டும் என்று தலையை ஆட்டினாராம். ராய்ஸின் வாரிசு வேறெப்படிப் பேசுவார்?

இன்று இன்ஜின் V12, அதாவது ஒரே கிராங்க் ஷாஃப்டில் இரண்டு ஆறுகள். அதன் சத்தம் அடங்கியபின் மிஞ்சியவை காற்றும் டயரும். இவற்றைப் பிறக்கும் இடத்திலேயே முழுதாக ஒழிக்க வழியில்லை, தடுக்கத்தான் முடியும். தடுப்புச் சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதனால் 2020-இல் வந்த கோஸ்ட் மாடலில் 100 கிலோவுக்கும் மேல் ஒலித்தடுப்புப் பொருளைத் திணித்தார்கள். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, டயருக்குள் நுரைப் பஞ்சு. அப்போது எதிர்பாராத ஒன்று நடந்ததாக நிறுவனம் சொல்கிறது. முழு நிசப்தத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஏதோ சரியில்லாதது போல, திசை தப்பியது போல இருந்ததாம். வேகத்தை உணர நமக்குக் காதும் வேண்டும். ஆகவே காரின் பாகங்கள் எல்லாம் ஒரே சுருதியில் மெல்ல ஒலிக்கும்படி இசைத்து, ஒரு கிசுகிசுப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சைக்ஸின் முதல் சிலை நினைவுக்கு வருகிறது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ராய்ஸ் சத்தத்தின் வேரை வெட்டினார். நூறு கிலோ பஞ்சு அதன் மேல் போர்வை போர்த்துகிறது. போர்வையால் தேய்மானம் குறையாது. எடை கூடி எரிபொருள்தான் கூடுதலாகச் செலவாகும்.

2023-இல் வந்த ஸ்பெக்டர் அந்த வகையில் வேருக்குத் திரும்பிய கார். முழுக்க மின்சாரம். மேலும் கீழும் ஓட பிஸ்டனே இல்லை. மோட்டாரில் எல்லாம் சுழற்சி. சுமார் 700 கிலோ எடையுள்ள பேட்டரி தரைக்கு அடியில் கிடந்து, சாலை இரைச்சலுக்கும் அதுவே தடுப்பாகிறது. ஆனால் மின்சாரக் கார் இந்தப் பெயருக்குப் புதிய சிந்தனை இல்லை. 1900-ஆம் ஆண்டிலேயே சார்லஸ் ரோல்ஸ், மின்சார வண்டி சத்தமோ நாற்றமோ அதிர்வோ இல்லாதது, சார்ஜ் செய்யும் நிலையங்கள் வந்துவிட்டால் மிகவும் உதவும் என்று சொல்லியிருந்தார். அதே ஆண்டில், அவருக்கு அறிமுகமில்லாத ஹென்றி ராய்ஸ், குக் தெருவில் மின்சார கிரேன்களும் டைனமோக்களும் செய்துகொண்டிருந்தார். இருவரும் சந்திக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. சந்தித்தபோது செய்தது பெட்ரோல் கார்.